பாதத்த மூடினா அது செருப்புத்தான்

தம்பி, அந்தப் பையக் கொஞ்சம் நகட்டுங்க, உக்காந்துக்கிறேன். இல்ல இல்ல, கால எடுக்காதீங்க. நீட்டுன கால் நீட்டுனபடியே இருக்கட்டும். உங்களுக்கும் கணுக்கால்தானா? நல்ல பொருத்தம் போங்க. கண்டக்டர் ஆள் பாத்துத்தான் சீட்டு காட்டியிருக்காரு.

எப்படி ஆச்சு? மாடிப்படியா? அதான பாத்தேன். கடைசிப்படின்னு நெனச்சுக் கால வச்சிருப்பீங்க, அதுக்குக் கீழ இன்னொரு படி இருந்திருக்கும்.

கிரேப் துணிய யாரு கட்டுனது? நீங்களேவா? கோவிச்சுக்காதீங்க, மாப்பிள்ளைக்குத் தலப்பா கட்டுன மாதிரி இருக்கு. நீங்க மேல இருந்து கீழ வந்திருக்கீங்க. அப்படி வரக் கூடாது. விரலுக்குக் கிட்ட ஆரம்பிச்சு, பாதத்துல ரெண்டு சுத்து சுத்தி, அப்புறம் கணுக்கால்ல எட்டுப் போட்டு எட்டுப் போட்டு மேல ஏறணும். குதிகாலத் தனியா விட்றக் கூடாது. பாருங்க, விரலெல்லாம் பணியாரம் மாதிரி உப்பிக் கெடக்கு. அவுத்துட்டுக் கட்டுங்க. திண்டுக்கல் இப்பத்தான தாண்டுது, பழனி வர்றதுக்குள்ள பத்து தடவ கட்டலாம்.

எனக்கு எப்படித் தெரியுமாவா? இந்த ஒரு மாசத்துல என் கால் பாக்காத கட்டு கெடையாது தம்பி. கணுக்காலப் பத்தி எங்கிட்டக் கேளுங்க. மிச்ச ஒடம்பப் பத்தி டாக்டர்கிட்டக் கேட்டுக்கலாம்.

பேரு சோலைமலை. மேலூர்ல உரக்கடை வச்சிருக்கேன். பச்ச வேட்டியும் மாலையும் பாத்தாத் தெரியுமே, பழனி பாதயாத்திரைக்கு மால போட்டவன். சிரிக்காதீங்க. பாதயாத்திரைக்காரன் பஸ்ல என்ன பண்றான்னுதான சிரிக்கிறீங்க? அதத்தான் சொல்ல வர்றேன்.

எங்க குழுவுக்கு நான்தான் குருசாமி. பதினெட்டு வருஷமா நான்தான். முருகனோட வேல், ஆளு ஒசரம், பித்தளையில செஞ்சது, எங்க குழுவுக்குன்னு இருக்கு. அதத் தூக்கிட்டு நான் முன்னால போவேன். பின்னால நாப்பது அம்பது பேரு ரெட்ட வரிசையில வருவாங்க. ரெட்ட வரிசைன்னா ரெட்ட வரிசை. அப்படி இப்படி ஒரு ஆள் நழுவக் கூடாது. நான் நின்னாத்தான் நிக்கணும், நான் நடந்தா நடக்கணும். மத்த குழுவெல்லாம் பாத்திருப்பீங்களே, சந்தைக்குப் போற மாதிரி போவாங்க. எங்க குழு வந்தா லாரிக்காரன் கூட ஹாரன் அடிக்க யோசிப்பான்.

சட்டம்னா சட்டம் தம்பி, அது இல்லேன்னா பக்தி எங்க இருக்கு? மால போட்டுட்டா கவிச்சி கெடையாது, முட்டை கெடையாது. எங்க வீட்டுக்காரி பொன்னழகுவோட தம்பி தவமணி, எனக்குச் சொந்த மச்சினன், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மகளோட பொறந்தநாளுக்கு ஒரு துண்டு கேக்கு வாயில போட்டுட்டான். கேக்குல முட்டை இருக்குல்ல? கழட்டுடா மாலையன்னுட்டேன். மச்சினனாவது மண்ணாங்கட்டியாவது. பொன்னழகு ஒரு வாரம் எங்கூடப் பேசல. பேசாட்டி என்ன, சோறு போட்டா.

அப்புறம் செருப்பு. வெறுங்கால்லதான் நடக்கணும். இதுல போன வருஷம் ஒரு வழக்கு வந்துச்சு. வீராயின்னு ஒருத்தி, எங்க தெருவுல இட்லிக் கடை போட்டிருக்கா. சுகர்க்காரி. ரெட்டியார்சத்திரம் வந்ததும் கால் கொப்புளிச்சுப் போச்சுன்னு சாக்ஸ எடுத்து மாட்டிக்கிட்டா. நான் திரும்பிப் பாக்குறேன், ரெட்ட வரிசையில கடைசியில நீலக்கலர்ல ரெண்டு கால் வருது! என்னம்மா இதுன்னா, "சாமி, இது துணிதான சாமி, செருப்பா என்ன?"ன்னா. துணியோ தோலோ, பாதத்த மூடினா அது செருப்புத்தான், கழட்டுன்னேன். கழட்டிட்டு நடந்தா. ஒட்டன்சத்திரத்துல முடியாம உக்காந்துட்டா. பஸ் ஏத்தி அனுப்பி வச்சேன். பஸ்ஸுக்குக் காசு நான்தான் குடுத்தேன், அதச் சொல்லணும்ல. அதோட அவ குழுவுக்கு வர்றத விட்டுட்டா. சில பேருக்கு வைராக்கியம் பத்தாது.

சரி, கால் கதைக்கு வர்றேன். வருஷா வருஷம் யாத்திரைக்கு முன்னாடி ஒத்திகை நடை வைப்பேன். சிவன் கோயில்ல இருந்து பெரிய கண்மாய் வரைக்கும். வரிசை கலையுதான்னு பாக்கணும்ல? முன்னால பாத்து நடந்தா பின்னால இருக்கவன் என்ன பண்றான்னு எப்படித் தெரியும்? அதனால நான் பின்பக்கமா நடப்பேன். மூஞ்சி குழுவப் பாத்து, முதுகு ரோட்டப் பாத்து. "ஏய் தவமணி, தள்ளி வா! கைய வீசாத!"ன்னு சொல்லிக்கிட்டே போறேன், அவன் "மச்சான், பின்னால!"ங்குறான். என்னடா எதுத்துப் பேசுறியான்னேன். அம்புட்டுத்தான். குடிதண்ணிக் குழாய்க்குத் தோண்டுன குழி. தோண்டுனவன் மூடணுமா இல்லையா? வலது கால் உள்ள போயி மடங்குச்சு பாருங்க, படக்குன்னு ஒரு சத்தம். உசுரு உச்சிக்கு ஏறி எறங்குச்சு.

பொன்னழகு ஓடி வந்தா. மடியில இருந்து கிரேப் துணிய எடுத்தா, கால அவ தொடையில தூக்கி வச்சா, விறுவிறுன்னு எட்டுப் போட்டுக் கட்டிட்டா. பக்கத்துக் கடையில ஐஸ் வாங்கிட்டு வரச் சொன்னா. எனக்கே ஆச்சரியமாப் போச்சு. எங்கடி கத்துக்கிட்டேன்னு கேட்டா, "பதினெட்டு வருஷமா வழியில பிசகுன காலுக்கெல்லாம் யாரு கட்டுப் போட்டான்னு நெனச்சீங்க?"ங்குறா. எனக்கு எப்படித் தெரியும், நான் முன்னால போறவன்.

டாக்டர்கிட்டப் போனோம். எக்ஸ்ரே எடுத்துட்டு, எலும்புல ஒண்ணும் இல்ல, ஜவ்வுதான் இழுத்துக்கிச்சுன்னாரு. எனக்குப் பழனிக்கு நடக்கணும் சார், கெட்டியா ஒரு கட்டுப் போடுங்கன்னேன். மாவுக்கட்டுப் போட்டா நடக்க முடியாது, கால் கட்டையா நிக்கும், அவிழ்த்த பெறகு கெண்டைக்கால் வத்திப் போயிருக்கும், உங்களுக்கு அது தேவையும் இல்ல, கணுக்காலுக்குன்னே கயிறு வச்ச பைண்டர் ஒண்ணு இருக்கு அதப் போட்டு, நல்ல ஷூ மாட்டி, கொஞ்சம் கொஞ்சமா நடங்கன்னாரு. ஷூவா! மால போட்டவனப் பாத்து ஷூ போடுங்குறாரு. படிச்சவருதான், என்ன பண்றது. ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.

மெடிக்கல்ல கணுக்கால் உறைன்னு ஒண்ணு குடுத்தான். விரலும் குதியும் வெட்டிவிட்ட சாக்ஸ் மாதிரி இருக்கும், இழுத்து மாட்டிக்கணும். கதகதன்னு இருந்துச்சு, வீக்கம் கொறைஞ்ச மாதிரி தெரிஞ்சுச்சு. ஆனா கால் பக்கவாட்டுல மடங்குனா அது வேடிக்கதான் பாக்கும். உங்களுக்கு வேணும்னா வீட்டுக்குள்ள போட்டுக்கங்க. நான் அதயும் கழட்டிட்டேன். பாக்குறதுக்கு சாக்ஸ் மாதிரி இருக்குல்ல, யாராவது ஏதாவது சொன்னா?

அப்புறம் பிசியோதெரபி பண்ற பொண்ணு ஒண்ணு, கலர் கலரா பட்டை ஒட்டி விட்டுச்சு. அது நல்ல பிடிமானம் தம்பி. பாதத்த மூடவும் இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஆனா நம்ம ஊரு வேர்வைக்கு அது தாங்கல. கடைக்குப் போயி யூரியா மூட்டைய எறக்கி வைக்கச் சொல்லிட்டுத் திரும்புறதுக்குள்ள ஓரமெல்லாம் உரிஞ்சுக்கிட்டு வந்துருச்சு. அதோட அந்தப் பொண்ணு ஒத்தக்கால்ல நின்னு பல்லு வெளக்கச் சொல்லுச்சு. காலுக்குப் பயிற்சியாம். குருசாமி ஒத்தக்கால்ல நின்னு பல்லு வெளக்குறத எதுத்த வீட்டுக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?

நாள் நெருங்குது. வீக்கம் அப்படியே இருக்கு. தவமணிதான் சொன்னான், "மச்சான், கட்டுப் போடுற வைத்தியர் ஒருத்தர் இருக்காரு, வாங்க"ன்னு. வண்டியில கூட்டிட்டுப் போனான். வைத்தியர் கால அமுக்கிப் பாத்துட்டு, தவமணிகிட்ட ஏதோ வாங்கிட்டு வரச் சொன்னாரு. அவன் போயி ஒரு பொட்டலத்த வாங்கிட்டு வந்து குடுத்தான். வைத்தியர் கால நேரா இழுத்தாரு பாருங்க, நான் கண்ண இறுக்கி மூடிட்டு முருகா முருகான்னு கத்திட்டேன். தொறந்து பாத்தா வெள்ளையா நொரை நொரையா எதையோ துணியில தோய்ச்சுச் சுத்திட்டு இருக்காரு. உளுந்த மாவுன்னு நெனச்சேன்.

சும்மா சொல்லக் கூடாது, அருமையான கட்டு. காஞ்சதும் கல்லு மாதிரி ஆயிருச்சு. மாவுக்கட்டோட கனமும் இல்ல, கிரேப் மாதிரி நெகிழவும் இல்ல. இதுதான்டா கட்டுன்னு ஊரு பூராச் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டு மாடியில பஜனை. நான் கால நீட்டிப் போட்டு நடுநாயகமா உக்காந்திருக்கேன். எதுத்த வீட்டுப் பூனை வந்துச்சு. வந்து என் கால் பக்கத்துல உக்காந்துச்சு. மொகந்து பாத்துச்சு. அப்புறம் நக்க ஆரம்பிச்சுருச்சு. முன்னால உக்காந்திருந்த ஒரு அம்மா, "பாருங்கடி, வாயில்லாச் சீவன் கூட குருசாமி பாதத்தத் தொட்டுக் கும்பிடுது"ன்னு கன்னத்துல போட்டுக்கிச்சு. எனக்கும் ஒரு மாதிரி புல்லரிச்சுப் போச்சு தம்பி, பொய் சொல்லல. அரோகரான்னு கூட சொல்லிட்டேன்.

பின்வரிசையில தவமணி வாயப் பொத்திட்டு இருக்கான். தோளு ரெண்டும் குலுங்குது. என்னடான்னேன். "மச்சான், அது முட்டை வெள்ளைக்கரு"ங்குறான்.

மால போட்டவன் கால்ல முட்டை! அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு பொட்டலம். அத வாங்கிட்டு வந்தவன் யாரு? கேக்கு தின்ன பய. ஏன்டா எங்கிட்டச் சொல்லலன்னேன். "சொன்னா வேணாம்பீங்க, கால் சரியாகணும்ல"ன்னான். அப்புறம், "உள்ள போனாத்தான மச்சான் தீட்டு? இது வெளியதான தடவியிருக்கு"ன்னான். அது எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. பாட்டு நின்னு போச்சு. பூனை மட்டும் அது வேலையப் பாத்துட்டு இருக்கு. நல்ல கட்ட வெந்நி ஊத்தி ஊத்திப் பிரிச்சு எறிஞ்சேன். தலைக்குத் தண்ணி ஊத்தி, தீபாராதனை காட்டி, மாலையத் திரும்பப் போட்டுக்கிட்டேன். தவமணி ஓரமா நின்னு, "எனக்கு மட்டும் தலைக்கு ஊத்துனாப் போதும்னு யாருக்கும் தோணலயே"ன்னான். அது வேற, இது வேற. கேக்கு வேற, காலு வேற. உங்களுக்குப் புரியுதுல்ல?

ம்.

அந்த எட்டு நல்லா வருது பாருங்க. இழுத்துக் கட்டாதீங்க, ஒரு விரல் உள்ள போகணும். அப்படித்தான்.

இருந்த கட்டும் போச்சு. அப்பத்தான் பொன்னழகு ஒண்ணு சொன்னா. கால் வழியாப் பொறந்தவங்க கால் பட்டா சுளுக்கு விடும்னு சொல்லுவாங்கள்ல, எங்க தெருவுல அப்படிப் பொறந்தவ ஒரே ஒருத்திதான். யாரு? வீராயி. எனக்கு வேணாம்னேன். அவ கேக்கவா செய்வா? போயிக் கூட்டிட்டு வந்துட்டா. வீராயி வாசல்லயே நிக்கிறா. "மால போட்ட சாமி மேல என் கால் படலாமா?"ங்குறா. படலாம் வா, காலுக்கு எது சாமின்னு பொன்னழகு அதட்டுனா. வந்தா. சேலைய லேசாத் தூக்கிக்கிட்டு, உள்ளங்காலால என் கணுக்கால மெல்ல மெல்ல நீவி விட்டா. நான் படுத்துக்கிட்டு இருக்கேன், அவ உள்ளங்கால் எங்கண்ணுக்கு நேர வந்து வந்து போகுது. ரெண்டு எடத்துல தழும்பு, தோல் பளபளன்னு. ஆறுறதுக்கு நாலு மாசம் ஆச்சுன்னு பொன்னழகு சொன்னா. சுகர்க்காரிக்குப் புண்ணு சீக்கிரமா ஆறாது, அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வலி விட்டுச்சான்னா, விடல. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. வலிதான் காரணம்.

கடைசியா அந்தப் பைண்டர். பொன்னழகு மதுரையில போயி வாங்கிட்டு வந்துட்டா. இருங்க, பையிலதான் இருக்கு. இந்தா. கடைசி நேரத்துல அவதான் பையில திணிச்சா, நான் வைக்கல. கெட்டித் துணி. முன்னால கயிறு போட்டு இழுத்துக் கட்டணும். ரெண்டு பக்கமும் இந்தப் பட்டைய இப்படிக் குறுக்க கொண்டாந்து ஒட்டிட்டா, கால் உள்பக்கமும் போகாது, வெளிப்பக்கமும் போகாது. மேலயும் கீழயும் மட்டும் அசையும். குதி தெறந்திருக்கு, விரல் தெறந்திருக்கு. ஒரு நா யாரும் இல்லாதப்ப கதவச் சாத்திட்டுப் போட்டுப் பாத்தேன். ரூமுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். தம்பி, சொன்னா நம்ப மாட்டீங்க, காலு எங்கால் மாதிரியே இல்ல, பழைய கால் திரும்பி வந்துருச்சு. நின்ன எடத்துல கண்ணு கலங்கிருச்சு. கிரேப், உறை, பட்டை, மாவுக்கட்டு, முட்டைக்கட்டு, எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சு இத ஒரு தட்டுல வச்சா, நடக்குறவனுக்கு இதுதான். எழுதி வச்சுக்கங்க.

ஆனா கயிறு இருக்கு. பாதத்துக்கு அடியில துணி போகுது. பாதத்த மூடுது.

குழுக் கூட்டம் போட்டோம். நடுவுல பைண்டர வச்சாச்சு. தவமணி தூக்கிக் காட்டி, "இதுக்கு அடி இருக்கா? அட்டை இருக்கா? இது எப்படிச் செருப்பாகும்? குருசாமி போட்டுக்கட்டும்"னான். எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. ஒருத்தர் கூட எதுத்துச் சொல்லல. அதுதான் எனக்குப் பிடிக்கல. சட்டம் போட்டவன் நான், எனக்கு இவங்க என்ன சலுகை குடுக்குறது? நான் இத மாட்டுனா நாளைக்கு ஒருத்தன் சாக்ஸ் போடுவான், இன்னொருத்தன் ரப்பர் செருப்பு போடுவான். அதோட வீராயி வீட்டு வழியாத்தான கொடி போகும், அவ வாசல்ல நிப்பாள்ல? முடியாதுன்னுட்டேன். "நான் வரல. நான் வரலேன்னா இந்த வருஷம் யாத்திரை எப்படின்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க"ன்னேன்.

எதுக்குச் சொன்னேன்? குருசாமி இல்லாம எப்படி, தைப்பூசம் போனாப் போகட்டும், பங்குனி உத்தரத்துக்குப் போயிக்கலாம், ஒங்க கால் ஆறட்டும்னு சொல்லுவாங்கன்னுதான். அதுதான மொறை? ஒருத்தரும் வாயத் தெறக்கல. அப்பப் பொன்னழகு எந்திரிச்சா. "முருகனுக்கு நேந்தாச்சு, நிப்பாட்டக் கூடாது. வேலாயுதத்த நான் தூக்கிட்டுப் போறேன்"னா.

அத்தன பேரும் அரோகரான்னாங்க. ஒரே குரல்ல. பதினெட்டு வருஷத்துல அப்படி ஒரே குரல்ல அவங்க சொல்லி நான் கேட்டதில்ல. மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க. குருசாமி பொண்டாட்டியாச்சே.

பொறப்பட்டுப் போயிட்டாங்க. நான் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து வழியனுப்பி வச்சேன். அவங்க நாளைக்குத்தான் பழனி சேருவாங்க. நான் முன்கூட்டியே போயி அடிவாரத்துல நிக்கணும். எங்க குளிக்கணும், எந்த மடத்துல தங்கணும், ஒண்ணும் தெரியாது அதுகளுக்கு. இந்நேரம் எங்க தடுமாறிக்கிட்டு நிக்கிதுகளோ. அவளுக்கு வேல் கனம் தாங்காது. தவமணி ஒரு பக்கம் போவான், மத்தவங்க ஒரு பக்கம் போவாங்க. ரெட்டியார்சத்திரம் கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க. நான் வரலேன்னா என்ன ஆகும்னு தெரியட்டும்னுதான் ஒரு போன் கூடப் போடல. அவங்களும் போடல.

என்ன, பஸ் நிக்குது? போலீஸ் நிறுத்துதா? பாத்தீங்களா, கூட்டத்த. ரோடே தெரியல. எந்த ஊரு இது? ஒட்டன்சத்திரம் தாண்டியாச்சா? அந்த ஜன்னலக் கொஞ்சம் தூக்குங்க தம்பி. யாரு, மஞ்சக் கொடி... அது தேனிப் பக்கத்துக் குழு. அதுக்கு அங்கிட்டு...

பச்ச வேட்டி. பின்னால சாமான் ஏத்திட்டு வர்ற எங்க வண்டி மாதிரி இருக்கே. பேனரு...

எங்க ஆளுங்கதான் தம்பி! இவங்க எப்படி இங்க? ரெட்டியார்சத்திரத்துல இருக்க வேண்டியவங்க. என்னோட நடையில வந்திருந்தாக் கூட பொழுது சாஞ்சுதான் இங்க வர முடியும்.

அந்தா பொன்னழகு. முன்னால. வேலத் தோள்ல சாச்சுப் பிடிச்சிருக்கா பாருங்க, கொடம் தூக்குற மாதிரி. அப்படிப் பிடிக்கக் கூடாது. ஆனா கனமாத் தெரியலயே அவளுக்கு. வரிசைய எங்க காணோம்? கும்பலா வர்றாங்களே. மெதுவா நடக்குறவங்களையெல்லாம் முன்னால விட்டுருக்கா, அவங்க நடைக்கு மத்தவங்க வர்றாங்க. அட, அதான் யாரும் பின்தங்கி உக்காரல போல. நான் கடைசி ஆளு வர்றதுக்கு நின்னு நின்னுதான் பொழுது போகும்.

அய்யய்யோ, காலப் பாருங்க! சாக்ஸ்! அங்க ஒருத்தன் சாக்ஸ், இங்க ஒரு அம்மா சாக்ஸ், அந்தப் பொண்ணு கிரேப் கட்டிருக்கு. ஒரு பத்துப் பேரு கால்ல துணி இருக்கும்போல. போச்சு. பதினெட்டு வருஷம் கட்டிக் காத்தது எல்லாம் போச்சு. தவமணி சிரிச்சுக்கிட்டு வர்றான் பாருங்க. பாட்டு கேக்குதா ஒங்களுக்கு? எல்லாரும் பாடுறாங்க. நான் கூட்டிட்டு வர்றப்ப நானும் மைக்குந்தான் பாடுவோம்.

நிக்கிறாங்க. நின்னுட்டாங்க! என்னையப் பாத்துட்டாங்க தம்பி. சொன்னேன்ல? எப்படியிருந்தாலும் குருசாமி குருசாமிதான். எல்லாரும் அப்படியே நிக்கிறாங்க பாருங்க. பொன்னழகு இங்கதான் வர்றா. கொஞ்சம் வழி விடுங்க, தலைய வெளிய நீட்டிக்கிறேன்.

ஏய், என்னடி இது வரிசையே இல்லாம... என்னது? ம், சாப்பிட்டேன். ரெண்டு இட்லி. வீக்கம் இருக்கு. இல்ல, வலி கொறைஞ்சிருக்கு. நீ எப்படி இருக்க? வேல் கனக்கலயா?... சரி. சரி. போயிப் படுத்துக்கிறேன். மடத்துல சொல்லி வைக்கிறேன். நாளைக்குக் காலையில வந்துருவீங்களா? காலையிலயேவா! ம். சரி, நீ போ.

போயிட்டா.

எனக்காக நிக்கிறாங்கன்னு நெனச்சேன் தம்பி. தண்ணி குடிக்க நின்னிருக்காங்க. வண்டியில கேன எறக்கி வச்சிருக்காங்க பாருங்க. நாந்தான் அதப் பாக்கல. கொஞ்ச பேரு கும்பிட்டாங்க, கொஞ்ச பேரு கை காட்டுனாங்க. வாங்கன்னு யாரும் கூப்பிடல. பொன்னழகும் கூப்பிடல. கால் முடியாதவன எப்படிக் கூப்பிடுறது, அவ மேல தப்பில்ல. ஒருத்தராவது கூப்பிட்டிருக்கலாம்.

இல்ல தம்பி, ஒண்ணும் இல்ல. வெயிலு. கண்ணுல அடிக்குது.

இந்தா, நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. அவ வேலத் தூக்குனா, எல்லாரும் கெளம்பிட்டாங்க. அதட்டல, ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் போறாங்க. வரிசை இல்ல, ஆனா நல்லாத்தான் இருக்கு பாக்குறதுக்கு. போயிட்டே இருக்காங்க.

கடைசியில வர்றது யாரு? நீலச் சாக்ஸ். வீராயி. அவளா? அவ எப்ப வந்து சேந்தா? பொன்னழகு வேலை இது. பொன்னழகு கணக்குப்படி மெதுவா நடக்குறவ முன்னாலதான வரணும், இவ ஏன் கடைசியில வர்றா? ஓ. கட்டுத்துணி, எண்ணெய் எல்லாம் அவகிட்ட இருக்கு. தோள்ல பை மாட்டியிருக்கா. முடியாமப் பின்தங்குறவங்களுக்கு அவ கட்டி விடுறா போல.

தம்பி, அந்தப் பைண்டர இப்படிக் குடுங்க. பஸ் எடுக்குறதுக்குள்ள மாட்டிருவோம். நீங்க அந்தக் கயித்தப் பிடிங்க, எனக்குக் குனிய முடியல, தொப்பை. அந்தப் பட்டையக் குறுக்க இழுங்க. இன்னும் கொஞ்சம். போதும். ஆமா, பாதத்த மூடுது. மூடட்டும், யாரு பாக்கப் போறா.

கண்டக்டர் தம்பி, எடுக்கச் சொல்லாதீங்க, ஒரு ஆள் எறங்கணும். மிச்சக் காசெல்லாம் வேணாம். தெரியும் தம்பி, பழனி வரைக்கும் முடியாது. டாக்டரும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் நடக்கச் சொன்னாரு. அடுத்த மடம் வரைக்கும் போறேன், முடியலேன்னா வண்டியில ஏறிக்கிறேன். முன்னால எல்லாம் போக மாட்டேன், அது அவங்க பாட்டுக்குப் போகட்டும்.

ஏ, வீராயி! வீராயி, கொஞ்சம் நில்லும்மா! நானும் உங்கூட வர்றேன், மெதுவாப் போவோம்.